வவ்வால் மீனைச் சரியாக இனங்கண்டு வாங்குவதும் சமைப்பதும்: செட்டிநாட்டு வீடுகளுக்கான வழிகாட்டி

செட்டிநாட்டுக்குக் கடற்கரை கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஆகிய ஊர்களின் அடுப்புக்கு வரும் கடல் மீன், தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் போன்ற பாக் விரிகுடாக் கரையூர்களிலிருந்து பனிக்கட்டிப் பெட்டிகளில் ஏறி வருகிறது. கரையில் நின்று வாங்குபவர் மீனைப் பிடித்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நமக்கோ, தராசுக்குப் பின்னால் இருப்பவர் சொல்லும் பெயர்தான் ஆதாரம். நெத்திலி, சாளை, நண்டு போன்றவற்றில் இதனால் பெரிய தொல்லை எதுவும் இல்லை. வவ்வாலில்தான் தொல்லை. ஒரே குடும்பத்தைச் சேராத நான்கைந்து மீன்கள், தட்டையாகவும் வட்டமாகவும் இருக்கின்ற ஒரே காரணத்தால் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றின் விலையும் சுவையும் அடுப்பில் நடந்துகொள்ளும் விதமும் வேறு வேறு. எனவே நிறத்தையும் வடிவத்தையும் நம்பாமல், செவுளின் திறப்பு, வாலின் அடி, தொண்டை ஆகிய மூன்று இடங்களைக் கொண்டு உண்மையான வவ்வாலை அறிந்துகொள்ளும் முறையை முதலிலும், அதைச் சமைக்கும் முறையைப் பின்னரும் இங்கே பார்க்கலாம்.

இந்த மூன்று இடங்களும் ஏன் முக்கியமானவை என்பது, இந்த மீன் குடும்பத்தின் வாழ்க்கை தெரிந்தால் எளிதில் விளங்கும். வெள்ளை வவ்வால், ஸ்ட்ரோமேட்டிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இதற்கு நெருங்கிய உறவுக் குடும்பங்கள் சில உலகக் கடல்களில் பரவியிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் குஞ்சுகள், கடலின் மேல்மட்டத்தில் மிதந்து செல்லும் சொறிமுட்டைகளின், அதாவது ஜெல்லி மீன்களின், குடைக்கு அடியிலும் கொட்டும் இழைகளுக்கு இடையிலும் ஒதுங்கி வளர்கின்றன. திறந்த கடலில் ஒளிவதற்குப் பாறையோ பாசியோ இல்லாத நிலையில், பெரிய மீன்கள் நெருங்கத் தயங்கும் ஓர் உயிரின் நிழலே அவற்றுக்குப் புகலிடமாகிறது. நோமியிடே குடும்பத்தைச் சேர்ந்த நோமியஸ் குரோனோவி என்ற சிறு மீன் இதில் பெயர்பெற்றது. போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் என்று அழைக்கப்படும், நீல நிறக் காற்றுப்பையுடன் மிதக்கும் நச்சுயிரியின் இழைகளுக்கு நடுவில் அது நீந்தித் திரிகிறது. அந்த நஞ்சு அதை ஒன்றும் செய்யாது என்று பலர் எழுதுவது மிகையானது. மற்ற மீன்களைவிட அதற்குத் தாங்கும் திறன் கூடுதலாக உண்டு. ஆனாலும் இழைகளில் படாமல் விலகி நீந்தும் சாமர்த்தியத்தால்தான் அது பெரும்பாலும் பிழைக்கிறது. நஞ்சு அளவுக்கு மீறினால் அதுவும் இறந்துவிடும்.

அடைக்கலம் கொடுத்த உயிரையே தின்பதுதான் இக்கூட்டத்தின் வழக்கம். 1963ஆம் ஆண்டு ரோமியோ மன்சூட்டி என்ற அமெரிக்க ஆய்வாளர், வவ்வாலின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீனும் ஜெல்லி மீனும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி எழுதியபோது, குஞ்சுப் பருவத்தில் ஒதுங்க வந்த மீன் வளர வளர அந்த ஜெல்லியையே இரையாக்கிக்கொள்வதைக் காட்டினார். வழுக்கும் கூழ் போன்ற அந்த இரையைச் சின்ன வாயில் கடித்து மெல்ல முடியாது. அதற்காகவே இந்த மீன்களின் தொண்டையில், கடைசிச் செவுள் வளைவுக்குப் பின்னால், உட்புறம் முழுதும் முட்கள் நிறைந்த ஒரு சோடிப் பைகள் அமைந்திருக்கின்றன. விழுங்கிய இரை வயிற்றுக்குப் போகும் வழியில் அங்கே கிழிபட்டு அரைபடுகிறது. 1967ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹேட்ரிச் என்ற மீனியல் ஆய்வாளர் இக்கூட்டத்து மீன்களை விரிவாக ஆராய்ந்து வகைப்படுத்தியபோது, இந்தத் தொண்டைப் பையே அவற்றை ஒன்றுசேர்க்கும் முதன்மை அடையாளமாக விளங்கியது. அமார்சிபஸ் என்ற ஒரே ஒரு மீன்தான் இதற்கு விலக்கு; அது நம் சந்தைக்கு வரும் மீன் அன்று.

இனிச் சந்தைக்குப் போகலாம். முதலில் பார்க்கவேண்டியது செவுளின் திறப்பு. பெரும்பாலான மீன்களில் செவுள் மூடியை விரலால் தூக்கினால் உள்ளே சிவந்த செவுள் முழுதாகத் தெரியும். வெள்ளை வவ்வாலில் அப்படித் தூக்க இயலாது. தலையின் பக்கவாட்டில், ஒரு சிறிய நேர்க்கோட்டுக் கீறல் போலத்தான் திறப்பு இருக்கும். மூடியின் அடிப்பகுதி கீழ்த்தோலோடு அகலமாக ஒட்டியிருப்பதே இதற்குக் காரணம். “செவுளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கக்கா” என்று கேட்டு, அவர் தாராளமாகத் தூக்கிக் காட்டிவிட்டாரானால், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வெள்ளை வவ்வால் அன்று. இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும் என்பதால், மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காமல் இருப்பது நல்லது.

அடுத்ததாக வயிற்றின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். வளர்ந்த வெள்ளை வவ்வாலுக்கு வயிற்றுத் துடுப்புகள் கிடையா. வயிற்றின் முன்பகுதியில் ஒரு சோடிச் சிறு துடுப்புகள் விரலில் தட்டினால், அது பெரும்பாலும் பாம்பனோ என்று விற்கப்படும் மீனாக இருக்கும். அது பாறை மீன்களின் குடும்பமான கராஞ்சிடேயைச் சேர்ந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 2011ஆம் ஆண்டில் இதன் குஞ்சுகளைப் பொரிக்கவைப்பதில் வெற்றி கண்டது. இன்று பண்ணைகளிலும் கூண்டுகளிலும் இது வளர்க்கப்படுகிறது. நல்ல மீன்தான். ஆனால் வவ்வாலின் விலைக்கு அதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

கண்மாய் மீன் விற்கும் இடங்களில் ஏரி வவ்வால் என்றும் ரூப்சந்த் என்றும் கிடைப்பது இன்னும் தொலைவான மீன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த பாக்கு என்னும் அந்த நன்னீர் மீன் பிரானாவுக்கு உறவானது. வாயைத் திறந்து பார்த்தால், மனிதப் பற்களை நினைவூட்டும் தட்டையான பெரிய பற்கள் தெரியும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் சதையாலான ஒரு குட்டித் துடுப்பும், பல நேரங்களில் வயிற்றில் ஒரு செந்நிறமும் இருக்கும். வெள்ளை வவ்வாலின் வாயோ மிகச் சிறியது. மழுங்கிய மூக்குக்குச் சற்றுக் கீழே அமைந்து, முன்னே நீளாதபடி கன்னத்துத் தோலோடு ஒட்டியிருக்கும்.

கருப்பு வவ்வால்தான் நிதானமாகப் பார்க்கவேண்டியது. அதற்கும் வளர்ந்த பிறகு வயிற்றுத் துடுப்புகள் இருப்பதில்லை. குஞ்சாக இருக்கும்போது தோன்றிப் பின்னர் மறைந்துவிடுகின்றன. எனவே வயிற்றைத் தடவும் சோதனையில் அது தப்பிவிடும். பாராஸ்ட்ரோமேட்டியஸ் நைஜர் என்ற அறிவியல் பெயரைக் கொண்ட இதை 1795ஆம் ஆண்டு புளோக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் விவரித்தார். பெயரிலேயே வவ்வால் குடும்பத்தின் சாயல் இருந்தாலும், இதுவும் பாறை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இங்கேதான் வாலின் அடி உதவுகிறது. வால் தொடங்கும் ஒடுங்கிய பகுதியில், பக்கவாட்டுக் கோட்டின் மீது, வாலிலிருந்து தலையை நோக்கி விரலை மெதுவாக இழுத்தால், கருப்பு வவ்வாலில் கடினமான சிறு கேடயச் செதில்கள் சொரசொரவென்று தட்டுப்படும். வெள்ளை வவ்வாலில் அந்த இடம் வழவழப்பாகவே இருக்கும். செவுள் மூடியும் கருப்பு வவ்வாலில் நன்றாகத் திறக்கும். பனிக்கட்டியில் நெடுநேரம் கிடந்து நிறம் மங்கிய கருப்பு வவ்வாலைச் சாம்பல் நிற வெள்ளை வவ்வால் என்று எண்ணி வாங்குபவர்கள் உண்டு என்பதால், நிறத்தைக் கடைசிச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும்.

உண்மையான வவ்வாலிலும் இரண்டு வகைகள் நமக்குக் கிடைக்கின்றன. பாம்பஸ் அர்ஜென்டியஸ் என்று நூல்கள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டுவந்த வெள்ளை வவ்வாலின் வால் ஆழமாகப் பிளந்து, கீழ்க்கிளை மேற்கிளையைவிட நீண்டிருக்கும். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் அரிவாள் வளைவில் இருக்கும். சீன வவ்வால் என்று நூல்கள் குறிக்கும் பாம்பஸ் சைனென்சிஸ் இன்னும் அகன்ற உடலையும், குறைவாகப் பிளந்த வாலையும், வளைவற்ற அகன்ற துடுப்புகளையும் கொண்டது. இரண்டின் சதையும் மென்மையானது. சமையலில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். இந்தியக் கடல்களில் கிடைக்கும் வெள்ளை வவ்வால் உண்மையில் பாம்பஸ் கேண்டிடஸ் என்னும் தனி இனம் என்று அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். தராசில் இதனால் எந்த மாற்றமும் இல்லை.

புதிய மீனா, பழைய மீனா என்பதை அறிவதில் வவ்வால் ஒரு சங்கடத்தைத் தருகிறது. செவுளைப் பார்த்து வாங்கு என்ற நம் வீட்டுப் பெரியவர்களின் பாடம் இதில் பலிப்பதில்லை, ஏனெனில் செவுளே வெளியில் தெரிவதில்லை. ஆகையால் வேறு அடையாளங்களை நாடவேண்டும். கண் தெளிவாகவும் குழியாமலும் இருக்கவேண்டும். வயிற்றுப் பகுதியை அழுத்திவிட்டு விரலை எடுத்தால் பள்ளம் நிற்காமல் மீளவேண்டும். செவுள் கீறலுக்கு அருகில் மூக்கை வைத்தால் கடல்நீரின் வாடை மட்டுமே வரவேண்டும். இவற்றோடு, இந்தக் குடும்பத்துக்கே உரிய வழுவழுப்பையும் கவனிக்கவேண்டும். தோலுக்கு அடியில் ஓடும் நுண்கால்வாய்கள் வழியாக இம்மீன்கள் நிறைய வழும்பைச் சுரக்கின்றன. புதிய மீனில் அந்த வழும்பு தெளிந்த நிறத்தில் மெல்லிய படலமாக இருக்கும். நாள்பட்டதில் அது கலங்கி, பிசுபிசுத்து, மஞ்சள் தட்டும். வெள்ளிப் பொடி போன்ற செதில்கள் உதிர்ந்து திட்டுத் திட்டாக இருப்பதைப் பார்த்துப் பழைய மீன் என்று முடிவு செய்துவிடக்கூடாது. அச்செதில்கள் மிகச் சிறியவை, தொட்டாலே உதிர்பவை. வலையிலும் பெட்டியிலும் உரசினாலே போய்விடும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும். அந்நாட்களில் நாட்டுப் படகுகள் கொண்டுவருவது மட்டுமே புதிய மீன். எஞ்சியவை உறைவித்த மீன்களாகவோ வேறு கடற்கரையிலிருந்து வந்தவையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அக்காலத்தில் வவ்வாலுக்காக அலைவதைவிடக் கண்மாய்க் கெண்டையையோ விராலையோ வாங்குவது அறிவுடைமை என்பது என் கருத்து. அதேபோல், எந்தக் காலமாயினும் உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு வவ்வால்களை வாங்காமல் விடுவது நல்லது. அவை ஒருமுறைகூட முட்டையிடாதவை. தட்டில் முள்ளைத் தவிர அவற்றில் பெரிதாக எதுவும் மிஞ்சுவதும் இல்லை. வெள்ளை வவ்வாலின் வரத்துக் குறைந்துவருவதை முன்னிட்டே 2023ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசு அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது.

மீனை ஆய்வதற்குச் சந்தையிலேயே கொடுத்துவிடுவது பலருக்கும் வசதி. ஆனால் தொண்டைப் பையைக் காண விரும்புபவர்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துவைத்துக்கொண்டு, ஒரு மீனையாவது தாங்களே அரிவாள்மனையில் ஆயவேண்டும். முதலில் மீனை உப்பு நீரில் அலசி வழும்பை நீக்கவேண்டும். கல்லுப்பைத் தூவி இலேசாகத் தேய்த்தால் பிடி நழுவாது. கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைக்கு ஒருமுறை வழித்தாலே செதில்கள் போய்விடும்; தோலை உரிக்கக்கூடாது. துடுப்புகளைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, செவுள் கீறலுக்குச் சற்றுப் பின்னால் கத்தியை வைத்துத் தலையைச் சாய்வாக வெட்டி எடுக்கவேண்டும். குடல் முதலியவற்றை வயிற்றின் வழியே நீக்கிவிட்டு, வெட்டிய தலையைக் கீழே போட்டுவிடாமல், தாடையின் அடிப்பக்கமாக இரண்டாகப் பிளந்து விரிக்கவேண்டும். செவுள் வளைவுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அவற்றின் கடைசி வளைவுக்குப் பின்னால், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில், இருபக்கமும் புடைத்த தடித்த தசைப்பைகள் கையில் தட்டுப்படும். தலையை வெட்டும்போது கத்தி சற்று முன்னே போய்விட்டால் பை உடலோடு தங்கியிருக்கும். அப்போது வெட்டுவாயில் தேடவேண்டும். பையை நீளவாக்கில் கீறி, ஓடும் தண்ணீரில் கழுவி, உட்புறத்தை விரலால் தடவினால், தேங்காய்த் துருவியின் பற்களைத் தொட்டதுபோல் நெருநெருக்கும். சதை முளைகள் நெருக்கமாக நிற்பதையும், அவற்றின் மேல் நுண்ணிய முட்கள் பதிந்திருப்பதையும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெளிவாகக் காணலாம். இந்தப் பை இருக்கிறது என்றால், வாங்கியது உண்மையான வவ்வால் என்பதில் மேற்கொண்டு ஐயமே வேண்டாம். கருப்பு வவ்வாலிலும் பாம்பனோவிலும் எவ்வளவு தேடினாலும் இது அகப்படாது.

நஞ்சுள்ள சொறிமுட்டையைத் தின்னும் மீனை நாம் தின்னலாமா என்ற கேள்வியைப் பிள்ளைகள் அப்போது கட்டாயம் கேட்பார்கள். சொறிமுட்டையின் கொட்டும் நஞ்சு பெரும்பாலும் புரதங்களால் ஆனது. மீனின் தொண்டையிலும் வயிற்றிலும் அரைபட்டுச் செரிக்கும் அது, சதையில் வந்து சேர்வதில்லை. குடலையும் தொண்டைப் பையையும் நீக்கி, நன்றாகக் கழுவி, முழுமையாக வேகவைத்த வவ்வாலைத் தயக்கமின்றி உண்ணலாம். மேலும் வவ்வாலுக்குச் சொறிமுட்டை மட்டுமே உணவு அன்று. கடலில் மிதக்கும் சிற்றுயிர்கள் பலவற்றையும் அது தின்கிறது.

சமையலுக்கு வந்தால், வெள்ளை வவ்வாலை வறுவலுக்கும் கருப்பு வவ்வாலைக் குழம்புக்கும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. வெள்ளை வவ்வாலின் சதை மெல்லிய இழைகளைக் கொண்டது. நடுமுள்ளைத் தவிரத் தொல்லைதரும் சிறுமுட்கள் அதில் குறைவு. நெடுநேரம் கொதிக்கும் புளிக்குழம்பில் அது உதிர்ந்துவிடும். கருப்பு வவ்வாலின் கட்டியான சதையோ, நம் ஊர்க் காரத்துக்கும் புளிப்புக்கும் நன்றாக ஈடுகொடுக்கும்.

வறுவலுக்கு 300 முதல் 400 கிராம் வரை எடையுள்ள முழு மீன்கள் பொருத்தமானவை. இரண்டு பக்கமும் முள்ளைத் தொடும் ஆழத்துக்கு மூன்று சாய்வான கீறல்கள் போட்டு, துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, சோம்பு, மிளகு, சிறிதளவு சீரகம், ஊறவைத்த வரமிளகாய், மஞ்சள், உப்பு ஆகியவற்றை அம்மியில் தண்ணீர் மிகாமல் மையாக அரைத்து, கடைசியில் கெட்டியான புளிக்கரைசல் ஒரு கரண்டி சேர்த்து, கீறல்களுக்குள் இறங்கும்படி பூசவேண்டும். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே கல்பாசியையும் மராட்டி மொக்கையும் எல்லாவற்றிலும் போடுவது இப்போது உணவகங்களில் பழக்கமாகிவிட்டது. அவை கறிக்கு உரியவை. வவ்வாலின் மென்மையான மணத்தை அவை மூடிவிடும் என்பதால் இங்கே தவிர்ப்பதே முறை.

அரை மணி நேரம் ஊறிய பிறகு, இரும்புத் தோசைக்கல்லைக் காயவைத்து, கடலை எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் மீனை வைக்கவேண்டும். இலை அடியில் இருப்பதால் மசாலா கல்லில் ஒட்டாது. தீ மிதமாக இருக்கவேண்டும். அடிப்பக்கம் தானாகக் கல்லை விட்டுப் பிரியும்வரை, அதாவது சுமார் ஐந்து நிமிடம், கரண்டியால் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு ஒரே ஒரு முறை திருப்பிப் போடவேண்டும். வவ்வாலைப் பலமுறை புரட்டினால் தோல் கிழிந்து மசாலா எண்ணெயில் கரிந்துபோகும். நடுமுள்ளை ஒட்டிய சதை கீறலின் வழியாக வெண்மையாகத் தெரிந்தால் வெந்துவிட்டது என்று இறக்கிவிடலாம்.

குழம்புக்கு, மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி வெந்தயமும் சோம்பும் தாளித்து, உரித்த சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுதாக வதக்கி, தக்காளி, மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள், புளிக்கரைசல், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை தனியாகக் கொதிக்கவிடவேண்டும். மீனைப் போட்ட பிறகு குழம்பைக் கெட்டியாக்க முயல்வது தவறு. குழம்பு தன் பதத்துக்கு வந்த பின்னரே கருப்பு வவ்வால் துண்டுகளை இறக்கி, ஏழெட்டு நிமிடம் சிறுதீயில் வைக்கவேண்டும். கரண்டியை உள்ளே விடாமல், சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து இலேசாகச் சுழற்றினால் துண்டுகள் உடையாமல் எல்லாப் பக்கமும் காரம் சேரும். வெள்ளை வவ்வால்தான் கையில் இருக்கிறது, குழம்பும் வேண்டும் என்றால், மீனைத் தலைவாலோடு இரண்டே துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து நிமிடத்திலேயே அடுப்பை அணைத்து, மூடிவைத்த சூட்டில் மீதி வேகவிடலாம்.

வாங்கிய அன்றே சமைக்க முடியாவிட்டால், குடலையும் தொண்டைப் பையையும் அன்றே நீக்கிவிட்டு, கழுவி ஈரம் துடைத்து, மசாலா பூசாமல் காற்றுப் புகாத பையில் உறைபெட்டியில் வைக்கவேண்டும். சமைக்கும் நாளில் அதை முந்திய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மெதுவாக இளகவிட வேண்டும். வெந்நீரில் போட்டு அவசரமாக இளக்கினால் சதை நீர்கோத்துக்கொண்டு, தோசைக்கல்லில் வைத்ததும் உடைந்துவிடும்.